அவிட்டம் பிறக்குமுன் ஒரு கரண்டிப் பால்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: தரையில் பாயில் கிடந்த பெரியவர், தலைமாட்டில் அவர் மனைவி, வீட்டில் எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடுகிறவர்; பக்கத்தில் மூத்த மகன், கையில் வெள்ளிக் கரண்டியோடு; கால்மாட்டில் பெரியவரின் தம்பி, மடியில் பஞ்சாங்கத்தோடு; கதவை ஒட்டிப் பேத்தி காந்திமதி, தை மாதம் கல்யாணம் வைத்திருந்த பெண்; பால் செம்போடு அந்த வீட்டுச் சமையல்காரர் தவசிப்பிள்ளை; பிறகு நான். வேறு யாரும் இல்லை. பின்னாளில் டவுணில் பல பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிற்கவில்லை. ஏழு பேர்தான். அதில் ஒருவரால் பேச முடியாது.

வேலை பழக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, படுக்கை விரிக்கவும், உடம்பு துடைக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இந்தக் காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, சரியா தப்பா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறவன். வீட்டில் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஒரு பக்கம் இழுக்கும்போது, படுக்கையில் கிடக்கிறவருக்காக என்ன செய்வது என்று எழுதித் தாரும் என்று உங்களுக்குப் பாடம் சொல்கிறவர்கள் கேட்டார்கள். அது எனக்கும் முழுக்கத் தெரியாது. ஒரு மத்தியானம் நான் என்ன செய்தேன் என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவன். கதவைத் தாழிட்டுப் படுத்தால் எழுந்து போய் மறுபடி தொட்டுப் பார்ப்பேன். நோயாளி தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் புறங்கையை வைப்பேன்; அவர் விழித்துக்கொண்டு ஏசுவார். "உன்னால எனக்குச் சாவு வராதுலே, தூக்கம்தான் வராது" என்று ஒருவர் சொன்னதும் உண்டு. இந்தப் பயம் தொழிலில் சில நேரம் உபகாரம், சில நேரம் உபத்திரவம். எந்த நேரத்தில் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அப்பா காலமானதும் பள்ளிக்கூடம் நின்றது. அலைந்து திரிந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் சேர்ந்தேன். அங்கே கட்டுப் போடுகிற டிரெசர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். யாராவது தன் பெயரைச் சொன்னாலே முறைக்கிற மனிதர். மாதக்கணக்கில் என்னிடம் அவர் பேசியது ஏச்சு மட்டும்தான்.

நான் சேர்ந்த புதிதில், பக்கவாதத்தில் விழுந்த ஒரு வண்டிக்காரரைக் கொண்டுவந்து போட்டார்கள். பசிக்குமே என்று அவர் பெண்சாதி, படுத்த வாக்கிலேயே கஞ்சி ஊட்டினாள். கஞ்சி வயிற்றுக்குப் போகவில்லை, மூச்சுக்குழலுக்குள் போனது. அவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. நெஞ்சு கட்டிச் செத்துப்போனார். அன்றைக்கு டிரெசர் யாரையும் ஏசவில்லை. என் கையைப் பிடித்து என் தொண்டையிலேயே வைத்தார்.

"எச்சில முழுங்குலே."

முழுங்கினேன். விரலுக்கு அடியில் தொண்டைச் சங்கு மேலே ஏறி இறங்கியது.

"இது ஏறுனா குடு. ஏறலன்னா, கலெக்டரே வந்து ஊட்டச் சொன்னாலும் குடுக்காத. உனக்கு இவ்வளவுதான் படிப்பு. போ."

நான் கற்ற படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் வீட்டு வேலைக்குப் போனேன்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு தெரு. ஆற்றுப் பாசனத்தில் நிலபுலம் உள்ள சைவக் குடும்பம். பெரியவருக்குப் புரட்டாசியில் வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மூத்த மகன் தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கிறவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் விசாரித்து அவர்தான் என்னை அழைத்து வந்தார். மாதம் எட்டு ரூபாய், சாப்பாடு வீட்டில். முதல் மாதச் சம்பளத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். இதை நீங்கள் மறக்கக் கூடாது. பின்னால் வருகிறதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பெரியவரைக் கட்டிலில் அணை கொடுத்து உட்கார வைத்து, முகவாயைக் கீழே சாய்த்து, விழாத பக்கத்துக் கன்னத்தில் கெட்டிக் கஞ்சியை வைப்பேன். விரல் தொண்டையில் இருக்கும். சங்கு ஏறி இறங்கினால் அடுத்த வாய். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி ஆகும். ஐப்பசியில் மழை பிடித்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டது. கண் சொருகிக் கிடந்தார். விரலை வைத்துப் பார்த்தேன். சங்கு ஏறவில்லை. மறுபடி பார்த்தேன். ஏறவில்லை. கஞ்சியை நிறுத்திவிட்டேன். துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவதோடு சரி.

இரண்டு நாள் அப்படிப் போனது. அந்த இரண்டு நாளும் எனக்கும் சோறு இறங்கவில்லை. நான் செய்வது சரிதானா? பட்டினி போட்டுக் கொல்லுகிறேனா? கேட்கவும் ஆள் இல்லை. டிரெசர் வெளியூர் போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பேட்டையிலிருந்து வைத்தியர் வந்தார். நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார்.

"விட்டு விட்டு அடிக்கி. பொழுது அடையுமுன்ன பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சாவு வரும் என்று சொன்னால் ஒரு வீடு அழும், பிறகு தேற்றிக்கொள்ளும். ஆனால் அன்றைக்குப் பெரியவரின் தம்பி பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து மழையோடு வண்டி கட்டி வந்தவர். ஈரத் துண்டைக்கூட மாற்றவில்லை.

"திருவோணம் மூணு மணி வரைக்குந்தான். அதுக்குப் பொறவு அவிட்டம் பொறக்கு" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவிட்டம் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும். அங்கே விளக்கு ஏற்றக் கூடாது, நல்ல காரியம் நடக்கக் கூடாது. தை மாதக் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நாட்டவே நாள் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதம் காத்திருப்பார்களா என்பது ஒரு கவலை. அடைப்பு விழுந்த வீட்டுப் பெண் என்ற பேச்சு இன்னொரு கவலை. அவர் சாக வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நல்ல நேரத்தில் போக வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இரண்டையும் பிரிக்கிற கோடு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குக் காலையில் எனக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி என்னை வாசல் நடைக்குக் கூப்பிட்டார்.

"நீ என்னப்பா நெனைக்கே?"

"எனக்குத் தெரியல அண்ணாச்சி."

"ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சி குடுக்கலையே நீ."

"தொண்டை முழுங்கல அண்ணாச்சி."

"பசியோடயா போறாரு எங்கப்பா?"

போகிறாரா, இருப்பாரா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போ, போய்ச் சாப்பிடு. நீயும் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடலன்னு அம்மா சொல்லுதாவ" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

அடுக்களையில் தவசிப்பிள்ளை இலை போட்டார்.

"நல்லாச் சாப்பிடும் வே. பொறவு இந்த அடுப்ப என்னைக்குப் பத்தவைப்பமோ."

"அப்படிச் சொல்லாதீரும்."

"நான் சொல்லாட்டா நின்னுருமாக்கும்? நாப்பது வருசமா என் ரசத்தக் கொறை சொன்ன மனுசன். உப்பு இல்லம்பாரு, புளி கூடம்பாரு. இனி ஆரு வே கொறை சொல்லுவா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே, காய்ச்சிய பாலைத் துணியில் வடிகட்டி ஒரு செம்பில் ஊற்றினார்.

"இந்தப் பாலு எதுக்கு?"

"இது என்ன கேள்வி? வாயில ஊத்தத்தான். கீழ எறக்கியாச்சுல்லா."

கட்டிலில் உயிர் போகக் கூடாது என்பார்கள். அதனால் தரையில் இறக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்தி, உற்றவர்கள் ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் விடுவார்கள். என் அப்பாவுக்கும் நான் விட்டிருக்கிறேன். அது மகன் கடமை. ஆனால் கீழே இறக்கினால் அணை போய்விடும், மல்லாக்கத்தான் கிடப்பார். முழுங்காத தொண்டை. மல்லாந்த தலை. ஆளுக்கொரு கரண்டிப் பால்.

இலையை மூடிவிட்டுக் கையைக் கழுவினேனோ இல்லையோ, ஓடினேன்.

அறையில் முதலில் சொன்னபடி எல்லாரும் இருந்தார்கள். பெரியவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். மூச்சு இழுக்கும்போது தொண்டையில் களகளவென்று சத்தம். அதைத்தான் அவர்கள் சாகும்போது வருகிற கடைசி இழுப்பு என்று நினைத்திருந்தார்கள். எனக்குப் பின்னாலேயே தவசிப்பிள்ளை செம்போடு வந்து நின்றார்.

"ஐயா, மல்லாக்க வச்சுப் பால் ஊத்துனா..." என்று ஆரம்பித்தேன்.

பெரியவரின் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஊத்துனா என்னலே ஆகும்? செத்துப்போவாரோ?"

காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? சாகப்போகிறவர் என்று வைத்தியரே சொல்லியாகிவிட்டது.

"ஓரமா நில்லு ஆஸ்பத்திரிக்காரா. உன் வேலை முடிஞ்சிட்டு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "எய்யா, மூத்தவன் நீ. மொதல்ல நீ விடு. மணி ரெண்டரை ஆகப்போவுது" என்றார்.

அண்ணாச்சி திருநீறு பூசிவிட்டு, கரண்டியில் பாலை எடுத்தார். பாதி பாயில் சிந்தியது. மீதியை வாயில் விட்டார். நான் எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டிருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. என் கண் அவர் தொண்டையைவிட்டு அகலவில்லை. பால் நாக்கின்மேல் குளம்போல் நின்றது. சங்கு அசையவில்லை. அடுத்த மூச்சை இழுத்தார். பால் காணாமல் போனது.

இருமக்கூட அவருக்கு வலு இல்லை. நெஞ்சு ஒருமுறை துள்ளியது. கண் திறந்து மேலே செருகியது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது.

"சிவ சிவா, போறாரு" என்றார் தம்பி.

பிறகு நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அவர் தோளையும் இடுப்பையும் பிடித்து என் பக்கமாக ஒருக்களித்துப் புரட்டினேன். வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். முதுகில் தட்டினேன். பாலும் எச்சிலும் என் வேட்டியிலும் பாயிலும் கொட்டின. இன்னொரு தட்டு. ஒரு இருமல் வந்தது. மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

அறையில் கூச்சல் எழுந்தது. "மூத்த மகன் ஊத்துன பால வெளிய எடுத்துப் போட்டானே! பாவி! வெளிய இழுத்துப் போடுங்கலே இவன!" தம்பி என் தோளைப் பிடித்து இழுத்தார். வயசானவர், ஆனால் வரப்பில் நடந்த உடம்பு. நான் பெரியவரைக் கட்டிக்கொண்டேன். விட்டால் அவர் மறுபடி மல்லாந்துவிடுவார் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

"அண்ணாச்சி, உங்க விரல இங்கன கொண்டாங்க."

"என்னத்துக்கு?"

"மொதல்ல உங்க தொண்டையில வைங்க. எச்சில முழுங்குங்க."

என்ன நினைத்தாரோ, வைத்தார். முழுங்கினார்.

"ஏறி எறங்குச்சா?"

"ம்."

"இப்ப ஐயா தொண்டையில வைங்க."

நானே அவர் கையை இழுத்து வைத்தேன். அறையில் மழைச் சத்தம் மட்டும். கூடத்துக் கடிகாரம் வேறு. அவர் விரல் அங்கேயே இருந்தது.

"ஏறல" என்றார்.

"ஏறல அண்ணாச்சி. அப்ப நீங்க விட்ட பாலு வயித்துக்குப் போகல. மூச்சுக்குள்ள போச்சு. ஐயா போறாவளா இருப்பாவளான்னு எனக்குத் தெரியாது. பாலு எங்க போகுதுன்னு மட்டும் தெரியும்."

அவர் விரலை எடுக்கவில்லை. அப்போது துண்டுக்கு அடியிலிருந்து பெரியவரின் இடது கை, விழாத கை, தடவித் தடவி வந்து மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அது போகிறவர் பிடியா, இருக்கப்போகிறவர் பிடியா? பிற்பாடு எத்தனையோ பேர் பக்கத்தில் இருந்துவிட்டேன். இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

தம்பி என் தோளை விட்டுவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "எய்யா, நேரம் போவுது. இன்னும் கொஞ்ச நேரந்தான். அண்ணன் நல்லபடியாப் போகட்டும். பிள்ள கல்யாணத்தயும் நெனச்சுப் பாரு." அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சின்ன வயதில் அவரைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்த அண்ணன் அது என்று ஆச்சி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி இன்னொரு கையால் கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நீங்க ஊத்துங்க சித்தப்பா."

தம்பி கையை நீட்டினார்.

"தொண்டையில விரல வச்சுப் பாத்துட்டு ஊத்துங்க."

நீட்டிய கை பாதியில் நின்றது. கரண்டி அங்கேயே அந்தரத்தில் இருந்தது. அதுவரை பேசாமலிருந்த ஆச்சிதான் அந்தக் கரண்டியைப் பிடுங்கிச் செம்புக்குள் போட்டார்.

"வீட்டப் பூட்டணும்னா பூட்டுங்க. நான் ஆத்தங்கரையில ஓலை வேஞ்சு இருந்துக்கிடுதேன். அவியள இப்படி அனுப்ப மாட்டேன்."

தவசிப்பிள்ளை, "செம்பு கை சுடுது ஆச்சி" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் நான் செய்தது இன்னொன்று உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள். பாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை வைத்தியர் சொன்னது சரியாக இருந்தால்? அந்த ஐந்து பேரும் பால் விடாத குறையை ஆயுசுக்கும் சுமப்பார்கள். பெரியவரைத் தூக்கி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். சுத்தமான வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழிக்கச் சொன்னேன். "பாலுல நனச்சு நல்லாப் பிழிஞ்சுட்டு, உதட்டுல வைங்க ஆச்சி. உதடும் வாய்தானே" என்றேன். அவர் வைத்தார். மகன் வைத்தார். காந்திமதி வைத்தாள். தவசிப்பிள்ளை செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வைக்கலாமா?" என்று கேட்டு வைத்தார். கடைசியாகத் தம்பி. துணி அவர் கையில் இருக்கும்போதே கூடத்தில் மூன்று அடித்தது.

"அவிட்டம் பொறந்துட்டு" என்றார்.

பெரியவர் என் நெஞ்சில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சூடாக இருந்தது.

கட்டிலில் ஏற்றி அணை கொடுத்துவிட்டு நான் கொல்லைக்குப் போனேன். பால் கொட்டிய வேட்டியைக் கிணற்றடியில் அலசிப் பிழிந்தேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிறகு வந்த நாட்கள்தான் என்னைத் தின்றன. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இதற்குள் அவர் போய்விட்டால் என்னால்தான் அந்த வீடு பூட்டப்படும், என்னால்தான் அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கும். தம்பி ஊருக்குத் திரும்பவில்லை. காலையில் எழுந்ததும் கதவருகில் நின்று, "இருக்காரா?" என்று கேட்பார். "இருக்காவ" என்பேன். "ம்" என்று போவார். பெரியவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்காக வேண்டினேனா எனக்காக வேண்டினேனா என்று பிரித்துப் பார்த்தேன்; பிரிக்க முடியவில்லை. நீங்களும் ஒருநாள் அப்படி வேண்டுவீர்கள். அப்போது வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். போய் அவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள்.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"அன்னைக்கி அப்படி இருந்துச்சு, இன்னைக்கி இப்படி இருக்கு. நாடிதானே வே, பொதிகை மலையா? மாறத்தான் செய்யும்" என்று சொல்லிக் கஷாயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்கக் கொடுக்கலாமா என்று அண்ணாச்சி என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டவில்லை.

காய்ச்சல் இறங்கிய அன்று, நான் குளிக்கப் போயிருந்தேன். ஈரத்தோடு திரும்பி வரும்போது உள்ளேயிருந்து சத்தம்.

"ஏறுது! ஏய், இங்க வா, ஏறுது!"

அண்ணாச்சிதான். கச்சேரிக்குப் புறப்பட்ட கோட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் தொண்டையில் விரலை வைத்திருந்தார். நானும் வைத்துப் பார்த்தேன். பைய ஏறி, பைய இறங்கியது. ஆச்சி கெட்டிக் கஞ்சியைக் கொண்டுவந்தார். முதல் வாயை நான் ஊட்டவில்லை. மகனை ஊட்டச் சொன்னேன்.

ரேவதி முடிந்து அசுவதி பிறந்த காலையில் தம்பி வண்டி கட்டினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவர் ஊரிலிருந்து ஒரு வாழைத்தார் வந்தது. யாருக்கென்று வண்டிக்காரன் சொல்லவில்லை. தவசிப்பிள்ளை அதை நான் படுக்கிற இடத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

பெரியவர் பிழைத்தார். வலது பக்கம் திரும்பவே இல்லை, பேச்சும் வரவில்லை. தை மாதம் பேத்தி கல்யாணத்தை நாற்காலியில் இருந்தபடி பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் பல காலம் இருந்து, ஒரு சாதாரண நாளில், அடைப்பு இல்லாத நட்சத்திரத்தில் போனார். கடைசிவரை ரசத்தை ஒரு வாய் வைத்துக்கொண்டு இடது கையை இப்படி இப்படி ஆட்டுவார் என்று தவசிப்பிள்ளை வெகு சந்தோஷமாகச் சொன்னார். "உப்பு இல்லையாம் வே!"

கேள்விப்பட்டேன் என்று சொல்கிறேனே, ஏன் என்றால் நான் அப்போது அங்கே இல்லை. ரேவதி தாண்டிய பிறகு அண்ணாச்சி தினமும் தாமே ஊட்ட ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொடுத்ததைவிடப் பொறுமையாக ஊட்டினார். ஆனால் நான் உள்ளே வந்தால் தலை குனிந்துகொள்வார். ஏதாவது வேண்டுமென்றால் ஆச்சியிடம் சொல்லி, ஆச்சி என்னிடம் சொல்வார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படித்தானே போகும். மார்கழி பிறக்குமுன், சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனி நானே பாத்துக்கிடுதேன்" என்றார். "சம்பளம் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனார். நான் நடையில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். தவசிப்பிள்ளை வந்து, "அண்ணாச்சி பூசையில உக்காந்துட்டாவ வே, நாளைக்கி வரச் சொன்னாவ" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கும் பூசையாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது.

பிறகு ரத வீதியில் எத்தனையோ முறை எதிரே வந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து ஜவுளிக்கடைக்குள் ஏறிவிடுவார். வேட்டி வாங்குகிறவர்போல் விலை கேட்டுக்கொண்டு நிற்பார். நான் கடந்து போனதும் இறங்குவார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பால் விடாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் என்னைத் தள்ளிவிட்டு விட்டிருப்பார்கள். அது மகன் கடமையாகவே இருந்திருக்கும். அவர் நிம்மதியாக அழுதிருப்பார். அந்த விரலைத் தொண்டையில் வைத்த பிறகு, தாம் ஏற்கெனவே விட்ட ஒரு கரண்டி எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்த ஆள் நான். என் கையில் காசை எண்ணி வைக்க வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நம் தொழிலில் சில பேர் காலில் விழுந்து கும்பிடுவார்கள். சில பேர் ஜவுளிக்கடைக்குள் ஏறுவார்கள். இரண்டு பேருக்கும் நீங்கள் செய்தது ஒன்றுதான். ஏறுகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. வீட்டில் அரிசி இல்லாத நாளும் இருந்தது. ஆனாலும் கேட்டுப் போகவில்லை. போனால் அந்த மத்தியானத்தை அவர் கையில் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தது போலாகும். இப்போது அவரும் இல்லை.

ஒன்றரை மாதச் சம்பளம், பன்னிரண்டு ரூபாய். இன்னும் வர வேண்டியிருக்கிறது.